தப்ப வழியில்லாத கதை: டாம் காட்வினோடு வாசகர்கள் நடத்திய 70 ஆண்டு வாதம்

1954 ஆகஸ்ட் மாத ‘அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ இதழில் டாம் காட்வின் என்ற புதியவரின் கதை ஒன்று வெளியானது. அவருடைய முதல் கதை அதே இதழில் வந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. பரவலாகக் கவனிக்கப்பட்ட இந்தக் கதையின் பெயர் ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’. ஈவிரக்கமற்ற சமன்பாடுகள் என்று வைத்துக்கொள்ளலாம். இதழுக்குக் கடிதங்கள் குவிந்தன. சிலர் இதைவிட நேர்மையான அறிவியல் கதை வந்ததில்லை என்றார்கள். சிலர் கோபப்பட்டார்கள். இன்னும் பலர் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, கதையில் செத்துப்போகும் பெண்ணைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்து எழுதி அனுப்பினார்கள். அந்த மூன்றாவது வகைக் கடிதம் இன்றுவரை நிற்கவில்லை.

புதிய எழுத்தாளர் ஒருவரின் ஒரே கதைக்கு இத்தனை மாறுபட்ட வரவேற்பு ஏன் கிடைத்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. கதையின் தரத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். அந்த வாசகர்கள் யார், அவர்களுக்கு எப்படிப் படிக்கப் பழக்கியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கதை

வோடன் என்ற தொலைதூரக் கோளில் ஆய்வுக் குழு ஒன்றின் ஆறு பேருக்குக் கடுமையான காய்ச்சல். அவர்களிடம் இருந்த மருந்து புயலில் அழிந்துவிட்டது. பெரிய விண்கப்பலான ‘ஸ்டார்டஸ்ட்’ தன் அட்டவணையை விட்டு விலக முடியாது. எனவே, மருந்தோடு ஒரு சின்ன அவசரக் கப்பலை அனுப்புகிறது. ஓட்டுபவர் பார்ட்டன். கப்பலின் எடை, ஓட்டுநரின் எடை, சரக்கின் எடை எல்லாவற்றையும் கணினிகள் கூட்டிப் பார்த்து, போய்ச் சேர எவ்வளவு எரிபொருள் தேவையோ அவ்வளவை மட்டும் நிரப்பியிருக்கின்றன.

பொருள் வைக்கும் அறையின் வெப்பமானி முள் அசைவதைப் பார்ட்டன் கவனிக்கிறார். உடல் சூடுள்ள ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. விதி என்ன சொல்கிறது என்பது அவருக்குத் தெரியும்: ஒளிந்து ஏறியவர் யாராக இருந்தாலும் கண்டுபிடித்த உடனே வெளியே தள்ளிவிட வேண்டும். துப்பாக்கியோடு கதவைத் திறக்கச் சொல்கிறார். வெளியே வருவது மரிலின் என்ற 18 வயதுப் பெண். எடை 110 பவுண்ட், அதாவது 50 கிலோ. வோடனில் வேறொரு குழுவில் வேலை செய்யும் அண்ணன் ஜெர்ரியைப் பார்த்துப் பத்து வருடம் ஆகிறது என்பதால் ஏறியிருக்கிறாள். பிடிபட்டால் அபராதம் போடுவார்கள், கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

அவள் கப்பலில் இருந்தால் தரையிறங்க எரிபொருள் போதாது. அவள், பார்ட்டன், காய்ச்சலில் கிடக்கும் ஆறு பேர், ஆக எட்டு பேரும் சாவார்கள். அவள் வெளியேறினால் ஏழு பேர் பிழைப்பார்கள். பார்ட்டன் தாய்க்கப்பலோடு பேசுகிறார். வேகக் குறைப்பைச் சற்று தள்ளிப்போட்டால் அவளுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று குறைவாக அவகாசம் தரலாம் என்று கணினிகள் சொல்கின்றன. அந்த நேரத்தில் அவள் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறாள், அண்ணனோடு வானொலியில் பேசுகிறாள். பிறகு தானே நடந்து, விண்வெளிக்குத் திறக்கும் காற்றுப்பூட்டு அறைக்குள் போகிறாள்.

கதையில் ஒரு பகுதியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மரிலினுக்கு ஆறு வயது இருக்கும்போது அவளுடைய பூனைக்குட்டி வண்டியில் அடிபட்டுச் செத்துவிடுகிறது. அழும் தங்கையிடம், பூனை புது ரோமச் சட்டை வாங்கப் போயிருக்கிறது, காலையில் உன் கட்டில் ஓரத்தில் இருக்கும் என்கிறான் அண்ணன். காலையில் இருக்கிறது. விடிகாலை நான்கு மணிக்குக் கடைக்காரரை எழுப்பி வேறொரு குட்டியை வாங்கிவந்து அவன் வைத்தான் என்பது அவளுக்கு வெகுகாலம் கழித்தே தெரிகிறது. இந்தக் கதையைத் தன் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று பார்ட்டனுக்குப் புரியவைக்கத்தான் அவள் சொல்கிறாள். காட்வினின் உரைநடை சுமாரானது, ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்று குறை சொன்ன வாசகர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. விதியின் கடுமையைப் பற்றிய அந்த நீண்ட பத்திகளைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். ஆனால் பூனைக்குட்டி வரும் இந்த அரைப் பக்கம் நல்ல எழுத்தாளர் எழுதியது. செத்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு முறை அண்ணனால் முடிந்திருக்கிறது. இந்த முறை முடியாது. இதை எங்கேயும் விளக்காமல் விட்டிருக்கிறார்.

ஆசிரியரின் கை

அன்றைக்கு ‘அஸ்டவுண்டிங்’ ஆசிரியர் ஜான் டபிள்யூ. காம்ப்பெல். 1937 இறுதியில் பொறுப்பேற்று 1971இல் சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தவர். கரு கொடுப்பார், முடிவை மாற்றச் சொல்வார், திருப்பி அனுப்புவார். இந்தக் கதையை மூன்று முறை திருப்பி அனுப்பினாராம். காரணம், ஒவ்வொரு முறையும் காட்வின் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஏதாவது சாமர்த்தியமான வழியைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். காம்ப்பெல் சொல்லித் தனக்குத் தெரிந்த செய்தியாக எழுத்தாளர் ஜோசப் கிரீன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த ஒரு தகவல் வழக்கையே வேறு மாதிரி ஆக்கிவிடுகிறது. பெண்ணைக் காப்பாற்ற முயன்ற முதல் ஆள் வாசகர் இல்லை, எழுதியவரேதான். வாசகர்கள் அனுப்பிய தீர்வுகளில் ஒன்றிரண்டையாவது அவர் முன்பே எழுதிப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். புதிதாக எழுத வந்தவர் அவர். சந்தையில் பெரிய இதழின் ஆசிரியர் சொல்வதைக் கேட்காமல் இருக்கும் நிலையில் இல்லை. ‘கல்நெஞ்சக்காரன்’ என்ற பழியும் ‘துணிச்சல்காரன்’ என்ற புகழும் அவர் பெயருக்கே போய்ச் சேர்ந்தன. இரண்டிலும் பாதியாவது காம்ப்பெல்லுக்குச் சேர வேண்டியது.

இன்னொரு குற்றச்சாட்டும் பின்னாளில் எழுந்தது: கரு புதியது இல்லை என்பது. 1952இல் ‘வியர்ட் சயின்ஸ்’ என்ற படக்கதை இதழில் வந்த ‘எ வெயிட்டி டிசிஷன்’ கிட்டத்தட்ட இதே நிலைமையைச் சொல்கிறது. அதே ஆண்டு பிரிட்டனின் ‘நியூ வேர்ல்ட்ஸ்’ இதழில் ஈ. சி. டப் எழுதிய ‘பிரெசிடென்ட்’ (முன்னுதாரணம்) கதையும் ஒளிந்து ஏறியவர், போதாத எரிபொருள் என்பதையே வைத்து நகர்கிறது. ஒற்றுமை தெளிவாகவே தெரிகிறது. அதை வைத்து காட்வினைத் திருடர் என்று சொல்ல மாட்டேன். ராக்கெட்டில் எடைதான் எல்லாம் என்பது பரவலாகப் பேசப்பட்ட காலம் அது. ஒரே முடிச்சுக்குப் பலர் போய்ச் சேர்வது சாதாரணம். அந்த இரண்டையும் யாரும் இன்று வாதிடுவதற்காகப் படிப்பதில்லை என்பதும் கவனிக்க வேண்டியதுதான்.

அந்த வாசகர்கள்

சரி, வாசகர்கள் ஏன் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்? இதற்குப் பதில் அதே இதழின் முந்தைய ஆண்டுப் பக்கங்களில் இருக்கிறது. 1953 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஹால் கிளெமென்ட்டின் ‘மிஷன் ஆஃப் கிராவிட்டி’ அங்கே தொடராக வந்தது. நிலநடுக்கோட்டில் பூமியைப் போல 3 மடங்கு ஈர்ப்பும், துருவத்தில் ஏறக்குறைய 700 மடங்கு ஈர்ப்பும் உள்ள தட்டையான கோளில் நடக்கும் கதை. தொடர் வந்துகொண்டிருக்கும்போதே, அந்தக் கோளை எப்படிக் கணக்கிட்டேன் என்று கிளெமென்ட் தனிக் கட்டுரை எழுதினார். அறிவியல் கதை எழுதுவதை ஒரு விளையாட்டு என்றார் அதில். தெரிந்த அறிவியலுக்கு முரணாக எழுத்தாளர் எங்கே சறுக்குகிறார் என்று பிடிப்பது வாசகரின் ஆட்டம். பிடிபடாமல் எழுதுவது எழுத்தாளரின் ஆட்டம்.

‘அஸ்டவுண்டிங்’ வாசகருக்கு இது வெறும் பேச்சில்லை. இதழின் ‘பிராஸ் டாக்ஸ்’ கடிதப் பகுதியில் பிழை பிடிப்பது ஒரு மரபாகவே இருந்தது. பொறியாளர்கள், ஆய்வகக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் என்று அறிவியலோடு தொழில்முறைத் தொடர்புள்ளவர்கள் நிறையப் பேர் அதைப் படித்தார்கள். இன்னொரு பழக்கமும் அவர்களுக்கு இருந்தது. நாயகன் மூலையில் மாட்டுவான், கடைசிப் பக்கத்தில் பள்ளி இயற்பியல் பாடம் ஏதாவது கை கொடுக்கும், தப்பிப்பான். மூளை இருந்தால் வழி உண்டு என்பதே காம்ப்பெல் இதழின் நம்பிக்கை. நூற்றுக்கணக்கான கதைகள் வழியாக அதை வாசகருக்கு ஊட்டியவரும் அவரேதான்.

அப்படிப்பட்டவர்களின் கையில் ஒரு கப்பல், ஒரு எடை, ஒரு எரிபொருள் அளவு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு ‘வழி இல்லை’ என்று முடித்தால் என்ன செய்வார்கள்? நம்பியவர்களுக்கு அது பேரதிர்ச்சியாக இருந்தது. பழகிய சூத்திரம் உடைந்த சத்தம் அவர்களுக்குக் கேட்டது. நம்பாதவர்கள் பிழை தேடினார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே இதழ்தான் வளர்த்தது. பல நேரம் இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன. அழுதுகொண்டே கணக்குப் போட்டவர்கள் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். முதல் தடவை படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. தொண்டை அடைத்தது, உடனே ‘அந்த அறைக் கதவைக் கழற்றி எறியக் கூடாதா?’ என்ற கேள்வியும் வந்தது.

கணக்கு சரியா?

வாசகர்கள் சொன்ன மாற்று வழிகளில் முக்கியமானது அதுதான். 50 கிலோவுக்குச் சமமான பொருளை வெளியே எறிவது. அறைக் கதவு, இருக்கை, துப்பாக்கி, உடைகள், அவசியமில்லாத கருவிகள். வெறும் மருந்தும் ஓட்டுநரும் போனால் போதும் என்ற கப்பலில் ‘பொருள் வைக்கும் அறை’ ஒன்று இருப்பதே பலருக்கு உறுத்தியது.

இந்த ஆட்சேபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுபவர்கள் உண்டு. கப்பலில் எறிய ஒன்றுமில்லை என்று கதாசிரியர் சொன்னால் நம்ப வேண்டியதுதானே என்பார்கள். என்னால் அப்படித் தள்ள முடியவில்லை, ஏனென்றால் ஆதாரம் கதைக்குள்ளேயே இருக்கிறது. மரிலினுக்குக் கிடைத்த அந்த அவகாசத்தை எடுத்துக்கொள்வோம். அவள் கப்பலில் இருக்கும் அத்தனை நேரமும் வேகக் குறைப்பு முழுமையாக நிற்கவில்லை. பூமி ஈர்ப்பின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டேதான் போகிறது. அதற்கு எரியும் எரிபொருளில் அவளுடைய 50 கிலோவுக்கான பங்கும் இருக்கிறது. இந்தக் கூடுதல் செலவைக் கப்பல் தாங்குகிறது. அப்படியானால் சொட்டுக்கூட மிச்சமில்லாத கணக்கு இல்லை அது. கொஞ்சம் இடம் இருந்திருக்கிறது. அந்த இடம் அவளைக் காப்பாற்றப் போதாது என்பது வேறு விஷயம். ஆனால் ‘துல்லியம்’ என்ற சொல்லின் மேல் கதை வைத்திருக்கும் பாரத்தை அது தாங்கவில்லை.

ராக்கெட்டின் இயற்பியல் இரக்கமில்லாததுதான். ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1903இலேயே அச்சிட்ட சமன்பாட்டின்படி, சுமை கூடினால் அதே எரிபொருளில் எட்டும் வேகம் குறைந்தே ஆக வேண்டும். பேரம் பேச முடியாது. ஆனால் அதே காரணத்தால்தான் நிஜமாகக் கப்பல் கட்டுபவர்கள் எப்போதும் மிச்சம் வைக்கிறார்கள். 1969 ஜூலையில் ‘அப்போலோ 11’ நிலவில் இறங்கும்போது, கணினி காட்டிய இடம் பாறைகள் நிறைந்த பள்ளமாக இருந்ததால் நீல் ஆம்ஸ்ட்ராங் தாண்டிப் போய் வேறு இடம் தேடினார். இறங்கி முடித்தபோது, இறங்குவதற்கான எரிபொருளில் மிஞ்சியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த மிச்சம் திட்டமிட்டு வைத்தது. பயணிகள் ஜெட் விமானம்கூட, போகும் இடத்துக்கும் மாற்று விமான நிலையத்துக்கும் தேவையானது போக, மேலும் 30 நிமிடம் வட்டமடிக்கும் அளவுக்கு எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி.

‘அப்போலோ 13’ இன்னும் நெருக்கமான உதாரணம். 1970 ஏப்ரலில் ஆக்சிஜன் தொட்டி வெடித்ததும், இரண்டு பேர் இரண்டு நாள் போல இருப்பதற்காகக் கட்டிய நிலவு இறங்குகலத்தில் மூன்று பேர் ஏறக்குறைய நான்கு நாள் உயிர் பிழைக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது ஆள் விடும் மூச்சுக்கே இடமில்லை. கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகள், பிரதான கலத்தில் சதுர வடிவம், இறங்குகலத்தில் வட்ட வடிவம். ஒன்றுக்கொன்று பொருந்தாது. தரையில் இருந்த பொறியாளர்கள் பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டும் நாடா ஆகியவற்றை வைத்து ஓர் இணைப்பைக் கண்டுபிடித்து, வானொலியில் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மூவரும் திரும்பினார்கள். காட்வினின் வாசகர்கள் 1954இல் கடிதங்களில் செய்ததும் இதே மாதிரியான வேலைதான். அந்தக் கடிதங்களை அதிகப்பிரசங்கித்தனம் என்று என்னால் பார்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கதவில் ஏன் பூட்டு இல்லை?

காலம் போகப் போக ஆட்சேபம் இயற்பியலை விட்டு நிர்வாகத்தின் பக்கம் நகர்ந்தது. அந்தக் கப்பலின் வாசலில் இருந்தது ‘அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது’ என்ற பலகை மட்டும். ஏறினால் சாவு என்று அதில் எழுதியிருக்கவில்லை. பூட்டு இல்லை, காவல் இல்லை. புறப்படும் முன் யாரும் அந்த ஓர் அறையைத் திறந்து பார்க்கவில்லை. கணினிகள் எடையைத் துல்லியமாகக் கணக்கிட்டதாகச் சொல்கிறார்கள், ஆனால் கிளம்பும் நேரத்தில் கப்பலை எடை போட யாரும் நினைக்கவில்லை. ஒளிந்து ஏறுபவர்களைக் கொல்வதற்கு விதிப்புத்தகத்தில் தனிப் பிரிவே இருக்கிறது என்றால், இது முன்பும் நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

2014இல் கனடிய எழுத்தாளர் கோரி டாக்டரோ ‘லோகஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனது. எரிபொருளைக் குறைவாக வைத்ததும், பூட்டு போடாததும் யாரோ எடுத்த முடிவுகள். அவற்றைக் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டு, கடைசி நிமிடத்தில் ‘இயற்கை விதி, யாரும் பொறுப்பில்லை’ என்று சொல்ல வைப்பது எழுத்தாளரின் ஏற்பாடு என்கிறார் அவர். பொறுப்பானவர்களைத் தப்பிக்க விட்டு, பழியை முழுக்கச் சமன்பாட்டின் மேல் போடும் கதை இது என்பது அவருடைய குற்றச்சாட்டு.

இதில் பெரும் பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். கதையைப் படித்து முடித்ததும் கோபம் வர வேண்டிய இடம் கப்பல் நிர்வாகம். காட்வினோ நம்மை நட்சத்திரங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட வைக்கிறார். ஆனால் டாக்டரோவின் வாசிப்பில் ஓர் இழப்பும் இருக்கிறது. தவறு யாருடையதாக இருந்தாலும், அந்த அறைக் கதவு திறந்த நிமிடத்தில் பார்ட்டன் முன்னால் நிற்பது ஒரு பெண்ணும் ஒரு எரிபொருள் அளவும்தான். தலைமையகத்தின் தவறுக்குக் களத்தில் நிற்பவர் பதில் சொல்ல வேண்டிய நேரம் நிஜமாகவே வருவதுண்டு. மருத்துவமனையிலும், தீயணைப்பிலும், ரயில்வேயிலும் வேலை செய்பவர்களுக்கு அது தெரியும். அந்த ஒரு மணி நேரத்தை காட்வின் எழுதிய விதத்தில் பொய் இல்லை.

பெண் வாசகர்களும் விமர்சகர்களும் எழுப்பிய கேள்வி வேறு. ஏன் 18 வயதுப் பெண்? ஒளிந்திருந்தது ஆணாக இருந்தால் தயங்காமல் முடித்திருப்பேன் என்று பார்ட்டனே நினைக்கிறார். அப்படியானால் வாசகரின் கண்ணீருக்காகவே அவள் அப்படிப் படைக்கப்பட்டிருக்கிறாள்: வெள்ளைச் செருப்பு, சுருள்முடி, உலகம் தெரியாத சிரிப்பு. அவள் மொழியியல் படித்து வேலைக்குப் போகிறவள். கதை அந்தத் திறமையை ஓரிடத்தில் சொல்லிவிட்டுக் கடைசிவரை குழந்தையாகவே நடத்துகிறது. இதற்குக் கதையின் பக்கம் நின்று சொல்லப் பதிலே இல்லை.

கதையால் பதில் சொன்னவர்கள்

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்து, 1965க்கு முந்தைய சிறந்த கதைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ராபர்ட் சில்வர்பெர்க் தொகுத்து 1970இல் வந்த அந்த நூலின் 26 கதைகளில் இதுவும் ஒன்று. ‘ட்விலைட் ஸோன்’ தொலைக்காட்சித் தொடரில் 1989இல் நாடகமாக வந்தது. அதனால் வாதம் முடிந்துவிடவில்லை. சக எழுத்தாளர்கள் பதிலைக் கதையாகவே எழுதத் தொடங்கினார்கள்.

‘அஸ்டவுண்டிங்’ 1960இல் ‘அனலாக்’ என்று பெயர் மாறியிருந்தது. அதே இதழில் 1991இல் டான் சேக்கர்ஸ் எழுதிய ‘தி கோல்ட் சொல்யூஷன்’ வந்தது. கப்பல் ஓட்டுபவர் பெண், ஒளிந்து ஏறியது ஒரு சிறுவன். அவள் சமன்பாட்டை மறுக்கவில்லை. எடையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால், முழு ஆளை ஏன், இருவரின் கைகால்களிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறாள். கொடூரமான தீர்வு. ஆனால் பாதி எடை அவளுடையது. பார்ட்டனுக்குத் தோன்றாத ஒன்று அது: செலவில் தன் பங்கு. அந்த ஆண்டின் வாசகர் வாக்கெடுப்பில் அந்தக் கதை வென்றது.

1995இல் ஜேம்ஸ் பேட்ரிக் கெல்லி எழுதி அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது பெற்ற ‘திங்க் லைக் எ டைனசார்’ இன்னும் ஆழமாகப் போகிறது. அதில் கமலா சாஸ்திரி என்ற பெண்ணை வேற்றுக் கோளுக்கு அனுப்பும் இயந்திரம் அவளுடைய பிரதியை அங்கே உருவாக்குகிறது. இங்கே மிஞ்சும் மூலத்தை அழித்துச் சமன்பாட்டைச் சரிக்கட்ட வேண்டும் என்பது வேற்றுக்கிரகவாசிகளின் விதி. இங்கே சமன்பாடு என்பது இயற்கை போட்டது இல்லை, ஒரு நாகரிகம் போட்ட நிபந்தனை. கட்டுரையில் டாக்டரோ சொன்னதை, 19 ஆண்டுகளுக்கு முன்பே கெல்லி கதைக்குள் சொல்லிவிட்டார்.

காட்வின் பிறகு எழுதியது

காட்வின் 1980இல் காலமானார். மூன்று நாவல்களும் சில பத்துச் சிறுகதைகளும்தான் எழுதியிருக்கிறார். எதுவும் இந்த ஒரு கதையின் பக்கத்தில்கூட வரவில்லை. ஒற்றைக் கதைக்காரர் என்று அவரைச் சொல்வதும், அந்தக் கதையை வைத்து இரக்கமற்றவர் என்று முடிவு கட்டுவதும் வாசகர்களிடையே வழக்கமாகிவிட்டது.

1958இல் வந்த அவருடைய முதல் நாவலான ‘தி சர்வைவர்ஸ்’ படித்தால் அந்த முடிவு நிற்காது. ராக்னராக் என்ற கோளில், பூமியைப் போல ஒன்றரை மடங்கு ஈர்ப்பில், வேண்டாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சில ஆயிரம் பேரை எதிரிகள் இறக்கிவிட்டுப் போகிறார்கள். முதல் இரவிலேயே பலர் சாகிறார்கள். உலோகம் கிடையாது, மருந்து கிடையாது, கொடிய விலங்குகள் வேறு. கணக்குப்படி யாரும் பிழைக்கக் கூடாது. ஆனால் பிழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்து, கடைசியில் அந்தக் கோளை விட்டு வெளியேயும் வருகிறார்கள். காம்ப்பெல்லின் இதழுக்காக எழுதாமல் நூலாக விரித்து எழுதியபோது, காட்வின் தன் மனிதர்களுக்கு வழி தேடிக் கொடுத்திருக்கிறார். மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட வரைவுகளில் அவர் செய்ததும் அதைத்தான்.

அவர் மேல் தீர்ப்பு எழுத விரும்புகிறவர்கள் சிறுகதையோடு நிறுத்தாமல் அந்த நாவலையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நடை அதிலும் கரடுமுரடுதான்.